இரண்டாவது பிரேக்

விபத்தில் எனக்கு ஒரு எலும்புகூட முறியவில்லை என்பதில் என் வக்கீலுக்கு ஏற்பட்ட வருத்தம் கொஞ்சநஞ்சமல்ல. எக்ஸ்ரே படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்போலத் தேடினார். "ஒரு விலா எலும்பாவது விரிசல் விட்டிருக்கலாமேம்மா," என்றார். அடுத்த தடவை கவனமாக இருக்கிறேன் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சி வண்டியில் ஆசிரியர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுபவர் காலை எங்கே வைக்க மறந்தாலும் நம் கால் மறக்கக்கூடாது. அந்தக் காலுக்குத்தான் எனக்குச் சம்பளம். 'பிரேக் டீச்சர்' என்று என்னைக் கூப்பிடுவார்களாம், முதுகுக்குப் பின்னால். அன்று வண்டி ஓட்டிய மாணவி பச்சை விளக்கில் ஒழுங்காகத்தான் போனாள். சிவப்பு விளக்கை வெறும் அலங்காரம் என்று நினைத்த ஒரு சரக்கு வேன் குறுக்கே வந்தது. மிதித்தேன், உயிரைக் கொடுத்து மிதித்தேன். எங்கள் வண்டி நிற்பதற்குள் வேன் வந்து சேர்ந்துவிட்டது. மாணவிக்குக் கை முறிந்தது, பிறகு கூடியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, கால் மட்டும் மிதிப்பதை நிறுத்தவில்லை.

சாப்பாட்டு மேசைக்கு அடியில் மிதிக்கும். பல் டாக்டரின் நாற்காலியில் படுத்துக்கொண்டு மிதிக்கும். தெருவில் ஏதாவது டயர் கிறீச்சிட்டால் போதும், உடம்பெல்லாம் வேர்த்து, மூச்சு நெஞ்சில் சிக்கி, வலது கால் தரையைத் துளைக்கப் பார்க்கும். காரில் ஏறுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. கதவைத் திறந்தாலே அந்த வேன் வந்துவிடுகிறது. மனநல மருத்துவர் இதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார், மாத்திரை எழுதினார், நாளாகும் என்றார். என் நாத்தனார் சுருக்கமாகச் சொன்னாள்: "பாக்க நல்லாத்தானே இருக்கீங்க, அண்ணி." வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் பெண் எல்லோர் கண்ணுக்கும் நன்றாகத்தான் தெரிவாள். எனக்குப் பயமாக இருந்தது. பைத்தியம் என்று சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வேன், பொய்க்காரி என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

அதைச் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஆட்கள் இருந்தார்கள். வேனுக்குக் காப்பீடு கொடுத்த கம்பெனிக்காரர்கள் என் நஷ்டஈட்டு மனுவைப் படித்துவிட்டு, உடையாத பொருளுக்கு எப்படி விலை போடுவது என்று கவலைப்பட்டார்கள். தங்கள் மருத்துவர் என்னைப் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். அழைத்துவர ஒரு காரும் அனுப்பினார்கள், அவ்வளவு தாராள மனது. ஏறினால், காரில் ஏறுகிறவளுக்கு என்ன நோய் என்பார்கள். போகாவிட்டால், ஒத்துழைக்கவில்லை என்பார்கள். யாரோ மூளை உள்ளவர்தான் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். டிரைவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு, கனத்த ஷூ ஒன்றை மாட்டிக்கொண்டு, ஊரின் மறுகோடிக்கு நடந்தே போனேன். என் வீட்டுக்காரர் குடையோடு கூடவே வந்தார்.

மருத்துவர் நல்ல மனிதர். மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை வாகாக நீட்டிக்கொண்டு கேள்வி கேட்டார். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, இன்று என்ன கிழமை. கிழமையைச் சரியாகச் சொன்னதில் அவருக்குத் திருப்தி. அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு லாரி பிரேக் போட்டது. நானும் போட்டேன். காலுக்குக் கீழே இருந்தது தரை இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மருத்துவர் பாதி எழுந்து, திரும்ப உட்கார்ந்தார். பலமுறை மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று கண் கலங்கச் சொன்னார்.

அவர் அறிக்கை பிறகு வந்தது. 'அமைதியாக இருக்கிறார். களைப்பின்றி நெடுந்தூரம் நடக்கிறார். வலது காலின் பலம் மிக நன்று.' படித்துவிட்டு அன்று முழுக்க அழுதேன்.

விசாரணை நாளன்று மருத்துவர் சாட்சி சொல்ல வந்தார், ஒரு காலில் ஷூ, மறு காலில் கட்டு. என் வக்கீல் தன் குறிப்புகளையெல்லாம் மூடிவைத்துவிட்டு அந்தக் கட்டையே பார்த்தார். தொலைந்த பிள்ளை கிடைத்துவிட்டது.

"கால்ல என்ன டாக்டர்?"

சின்ன அடி என்றார் மருத்துவர். எலும்பா என்று கேட்டார் வக்கீல். கட்டைவிரலில் லேசான விரிசல் என்றார். எப்படி என்று கேட்டதும் கம்பெனி வக்கீல் எழுந்து, இதற்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்றார். நீதிபதி, எனக்கும் தெரிஞ்சுக்கணும்போல இருக்கு என்று அவரை உட்கார வைத்தார்.

"இந்தம்மா மிதிச்சாங்க," என்றார் மருத்துவர்.

"எதுக்காக?"

"வெளிய லாரிக்காரன் பிரேக் போட்டான்."

கூடம் முழுக்கச் சிரித்தது. கம்பெனி வக்கீல்கூடக் காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். இந்த வழக்கில் கடைசியாக ஒரு எலும்பு கிடைத்தேவிட்டது, அது யாருடையது என்பதா முக்கியம்?

நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"இப்பவும் மிதிக்கிறீங்களாம்மா?"

"ஆமாங்க."

"மிதிச்சா வண்டி நிக்குதா?"

இத்தனை மாதமாக என்னை யார் யாரோ என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை.

"இல்லைங்க," என்றேன். "இன்னும் ஒரு தடவைகூட நிக்கல."

மனு ஏற்கப்பட்டது. காயம் காயம்தான், எக்ஸ்ரேயில் தெரியவில்லை என்பதால் இல்லையென்று ஆகாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். வக்கீல் தானே வென்றதுபோலக் கைகுலுக்கினார். மருத்துவர் நொண்டிக்கொண்டு வந்து, தப்பா எடுத்துக்காதீங்க என்றார். நானும் அதையே சொன்னேன். சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் என் வீட்டுக்காரர் ஒரு வாடகைக் காரைப் பிடித்து வாசலில் நிறுத்தியிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு அதை அனுப்பிவிட்டார்.

நடந்தோம். பெரிய சந்திப்பில் எங்களுக்குப் பச்சை விழுந்தது. ஒரு காலைச் சாலையில் வைத்தேன். ஒரு வேன் வேகமாக வந்தது. நான் அங்கேயே, நட்டநடுப் பகலில், எல்லோரும் பார்க்க, வெறும் தார்ச்சாலையை மிதித்தேன். டயர் கிறீச்சிட்டது. வேன் வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் குலுங்கி நின்றது.

கூடத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"நின்னுடுச்சு," என்றார்.

காலை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் காத்திருந்தார்.