உடலைக் காணோம்

கடைசித் திருகாணியைக் கழற்றுவதற்கு முன்னால் தச்சர் கையை நிறுத்திவிட்டு ஜூலியட்டின் முகத்தைப் பார்த்தார். “நல்லா யோசிச்சுக்குங்கம்மா. தொறந்து பாத்துட்டா அப்பறம் மறக்க முடியாது” என்றார். ஜூலியட் தலையை மட்டும் அசைத்தாள். நெடுங்காடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினாறு வருடமாக நர்ஸாக இருப்பவள். வெட்டுப்பட்டவர்கள், பூச்சிமருந்து குடித்தவர்கள், வெந்நீர் கொட்டிய குழந்தைகள் என்று எவ்வளவோ பார்த்தாயிற்று. ஆனால் இந்தப் பெட்டிக்குள் கிடப்பது அவளுடைய புருஷன்.

வளைகுடாவில் வெல்டராக இருந்த ஆரோக்கியஜோசப் இறந்து பதினேழு நாளாகிவிட்டது. எரிவாயுக் குழாயில் தீப்பிடித்து அவரும் உடன் வேலை செய்த ஒருவரும் போய்விட்டார்கள் என்று போன் வந்தது. அந்த இன்னொருவர் பெயர் கதிரவன், விழிதியூர்க்காரர். பக்கத்துப் பக்கத்து ஊர் என்பதால் இரண்டு பேருக்கும் அங்கே ஒரே அறை, ஒரே சமையல். கடைசியில் ஒரே விமானத்தில் இரண்டு பெட்டிகளாக வந்தார்கள். திருச்சியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிய இரண்டு ஆம்புலன்ஸ்களில் ஒன்று விழிதியூருக்குப் போனது. மற்றொன்று நேற்று முன்தினம் மத்தியானம் காரைக்காலில் ஜூலியட் வீட்டு வாசலில் வந்து நின்றது. உடல் பார்க்கிற நிலையில் இல்லை, திறக்க வேண்டாம் என்று பெட்டியின் மேல் ஒட்டிய தாளிலும் இருந்தது, கூட வந்தவரும் சொன்னார். அன்றைக்கே அடக்கம் முடிந்திருக்கும். பிரான்சிலிருந்து ஜோசப்பின் தங்கை டெய்சி வந்து சேர வேண்டும் என்றுதான் ஐஸ் பாளங்களை அடுக்கி வைத்துக் காத்திருந்தார்கள். வந்திறங்கிய டெய்சி பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். “எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தது பலகையப் பாக்கவா அண்ணி? ஒரு தடவ தொறக்கச் சொல்லுங்க” என்று காலைப் பிடித்துக்கொண்டாள்.

உண்மையில் ஜூலியட்டுக்கும் அதுதான் ஆசை. இந்தப் பதினேழு நாளில் அவளுக்கு அழுகையே வரவில்லை. கை நடுங்கியது. காபி டம்ளரைப் பிடித்தால் தளும்பிச் சிந்தியது. ஜெபம் சொல்ல உட்கார்ந்தால் சின்ன வயதிலிருந்து நிறுத்தாமல் ஒப்பித்து வந்த விசுவாசப் பிரமாணத்தில் ஒரே ஒரு இடத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது மனசு. உடலின் உயிர்ப்பை விசுவசிக்கிறேன் என்ற இடம். அப்படியென்றால் உடல் வேண்டுமே. அவர் எழுந்து வருவதற்கு ஒரு கல்லறை வேண்டுமே. பிள்ளை குட்டி இல்லாத அவளுக்கு மிச்சம் அது ஒன்றுதான். ஆண்டவரே, அவரை என் கையில் கொடுத்துவிடு, நான் மண்ணில் வைத்துவிடுகிறேன், பிறகு உன் பாடு என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மரப்பலகை எழும்பியது. உள்ளே தகரம். அதை வெட்டிப் பிரித்ததும் மருந்து வாடை அறை முழுக்க அடித்தது. வெள்ளைத் துணியால் தலை முதல் கால் வரை சுற்றியிருந்தார்கள். முகத்துப் பக்கம் போக டெய்சிக்குத் துணிவு வரவில்லை. ஜூலியட் கையுறை போட்டுக்கொண்டு கால்மாட்டில் குனிந்தாள். ஜோசப்புக்கு வலது காலில் சுண்டுவிரல் கிடையாது. பத்து வயதில் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பாளம் விழுந்து நசுங்கி, அதை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் அவள் நினைத்தாள். துணியை விலக்கினாள். தீ அந்தக் காலைத் தொட்டிருக்கவில்லை. விரல்களை எண்ணினாள். இன்னொரு தடவை எண்ணினாள். பிறகு இடது காலைப் பிரித்துப் பார்த்தாள். ஐந்தும் ஐந்தும் பத்து.

“இது அவரு இல்ல” என்றாள். யாருக்கும் புரியவில்லை. “இது அவரு இல்ல! டெய்சி, இது ஒங்க அண்ணன் இல்ல!”

வீடு கிடுகிடுத்துப்போனது. டெய்சி பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அலறினாள். அது துக்கத்தின் அலறல் இல்லை. வாசலில் நின்ற சொந்தக்காரர்கள் உள்ளே முண்டியடித்தார்கள். “ஜோசப்பு சாவல! உசிரோட இருக்கான்!” என்று யாரோ கத்த, பெண்கள் மாதாவைக் கூப்பிட்டு ஓவென்று அழுதார்கள். அடக்கச் சடங்குக்காக அங்கியோடு வந்த பங்குச் சாமியார் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். ஜூலியட் சுவரோரம் முழங்காலில் விழுந்தாள். தொண்டையிலிருந்து என்னென்னவோ வார்த்தை வந்தது. நன்றி ஆண்டவரே, நன்றி, நன்றி. எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுக்கொண்டு பெயர் தெரியாமல் படுத்திருப்பார். நினைவு வந்ததும் என் பெயரைச் சொல்லுவார். பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது, நான் போய் அழைத்துவர வேண்டும். அந்த அறையில் வேறொருவருடைய பிள்ளை பாதம் தெரியக் கிடக்கிறான் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவேயில்லை.

இருபது நிமிடம் இருக்கும். அதற்குள் டெய்சி, அங்கே அவர்கள் அறையிலேயே தங்கியிருந்த மன்சூர் அலியைப் போனில் பிடித்துவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

“மன்சூர் தம்பி, அவரு எந்த ஆஸ்பத்திரியில இருக்காரு?” என்று கேட்டாள் ஜூலியட்.

“அக்கா...” என்றது குரல். “ரெண்டு பேரும் போயிட்டாங்கக்கா. ஜோசப் அண்ணன் என் மடியிலதான் போனாங்க. தண்ணி கேட்டாங்க, குடுத்தேன். கதிரவனையும் நாந்தான் தூக்கி வண்டியில ஏத்துனேன். பெட்டி மேல ஒட்டுன பேரு மாறிப்போயிருக்கும்க்கா. அப்ப விழிதியூருக்குப் போனது...”

விழிதியூருக்குப் போன உடலை முந்தாநாள் சாயங்காலமே எரித்துவிட்டார்கள்.

ஜூலியட் எழுந்து கொல்லைப்புறம் போய்க் கிணற்றடியில் நின்றாள். யாரும் பின்னால் போகவில்லை. முதல் தடவை செத்துப்போனார் என்று கேட்டபோதுகூட இப்படி இல்லை. கையில் கொடுத்ததைப் பிடுங்கி, கையையும் சேர்த்து வெட்டினாற்போல் இருந்தது. நான் கேட்டது அந்த உடல் ஒன்றைத்தானே, அதையும் சாம்பலாக்கிவிட்டாயே என்று வாய்விட்டுச் சொன்னாள். பங்குச் சாமியார் வந்து சற்றுத் தள்ளி நின்றார். இளைஞர், குருப்பட்டம் பெற்று நாலு வருடம்தான் ஆகிறது. “என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலம்மா” என்றார். அவர் அப்படிச் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

போலீஸ், தாசில்தார் ஆபீஸ் என்று எழுத்து வேலை முடிய மணி இரண்டாகிவிட்டது. கதிரவனை எடுத்துப் போக வண்டி வந்தபோது, “நானும் வரேன். நாந்தான் கொண்டுபோயி ஒப்படைக்கணும்” என்றாள் ஜூலியட். சாமியார் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் பின்னால் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆடி மாதம். காவிரித் தண்ணீர் அந்த வாரம்தான் கடைமடைக்கு வந்திருந்தது. காய்ந்து வெடித்துக் கிடந்த வாய்க்கால்களில் செம்மண் நிறத்தில் நுரையும் சருகுமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஜூலியட் அதைப் பார்த்தாலும் மனசு அதில் இல்லை. ஞாயிறு விடிகாலையில் தைலத்தை எடுத்துக்கொண்டு இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்களைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பாஸ்கா திருநாளிலும் கேட்ட வாசகம்தான். மணி அடிக்கும், விளக்கெல்லாம் எரியும், பூ மணக்கும், அதையெல்லாம் வைத்து அது சந்தோஷமான சேதி என்றே பழகிவிட்டாள். ஆனால் அந்தப் பெண்களுக்கு முதலில் கிடைத்த சேதி சந்தோஷம் இல்லையே. உடலைக் காணோம் என்பதுதானே. கடைசியாக ஒருமுறை கழுவித் தைலம் பூசி அனுப்பலாம் என்று போனவர்கள், அதற்கும் வழியில்லாமல் வெறும் துணியைப் பார்த்துத் திகைத்து நின்றிருப்பார்கள். யாரோ எடுத்துப்போய்விட்டார்கள் என்று ஒருத்தி அழுதாளாம். அவர்களுக்கு நடுங்கியிருக்கும். எனக்கு நடுங்குகிற மாதிரி. ஆக நான் நிற்பது அவர்கள் நின்ற இடம்தான்.

அதற்கு மேல் அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. வண்டி குலுங்கும்போதெல்லாம் பெட்டி நகராமல் பிடித்துக்கொண்டாள். பாதி வழி தாண்டியபோது தன் கையைப் பார்த்தாள். நடுக்கம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. துக்கம் அப்படியே இருந்தது, ஒரு குண்டுமணி குறையவில்லை. ஆனால் அதற்கு அடியில் ஏதோ ஒன்று, ஆழத்துத் தண்ணீர் மாதிரி, அசையாமல் நின்றது. அதைக் கலைத்துவிடக் கூடாது என்று அவள் மெதுவாக மூச்சு விட்டாள்.

வண்டி தெருவுக்குள் திரும்பியதும் ஒரு பெண் தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. கதிரவனின் மனைவி சிவப்ரியா. அவளுக்குச் சேதி அரைகுறையாக வந்திருந்தது. வண்டி நிற்பதற்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, நாங்க எரிச்சது அவரு இல்லையாமே! அப்ப அவரு உசிரோடதானே இருக்காரு? சொல்லுங்கக்கா!” என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. கன்னத்தில் கண்ணீர் வழிய வழிய அப்படி ஒரு சிரிப்பு.

காலையில் தன் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஜூலியட்டுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் எத்தனையோ பேருக்குச் சாவுச் சேதி சொன்ன வாய் அது. இறங்கி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“இல்லம்மா. அவரு வண்டியில இருக்காரு. நாந்தான் கூட்டிட்டு வந்தேன்.”

சிவப்ரியா பெட்டியைப் பார்த்தாள். சிரிப்பு உடனே போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அணைந்தது. பிறகு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜூலியட்டும் கூடவே உட்கார்ந்து அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். அழாதே என்று சொல்லவில்லை. “எனக்கும் காலையில இருவது நிமிசம் அவரு உசிரோட இருந்தாரும்மா” என்றாள்.

கதிரவனின் அப்பா சுவாமிநாதன் மொட்டையடித்த தலையோடு வந்து எதிரில் நின்றார். வாசலை ஒட்டிய பூவரச மரத்தில் துணியால் வாய் கட்டிய மண்கலயம் ஒன்று தொங்கியது. பால் தெளித்துப் பொறுக்கிய எலும்பு. மறுநாள் கடலில் கரைப்பதாக இருந்தார்கள். அவர் அதை அவிழ்த்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

“என்னைய மன்னிச்சுடும்மா. நீங்கள்லாம் பொதைப்பீங்கன்னு எனக்குத் தெரியும். எரிச்சுட்டேன்” என்றார். “ஆனா ஒண்ணு. மவன்னு நெனச்சுத்தாம்மா செஞ்சேன். மொகம் பாக்கக் குடுத்து வைக்கல, துணி மேலயே வாய்க்கரிசி போட்டேன். மார்ல அடிச்சுக்கிட்டு அழுதேன். கொள்ளி வச்சேன். ஒரு கொறையும் வைக்கல.”

ஜூலியட்டுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பதினேழு நாள் அழுகையும் சேர்ந்து வந்தது. “அவருக்கு அப்பா கெடையாதுங்க. இவருக்கு நெனவு தெரியறதுக்கு முன்னாடியே கடலோட போயிட்டாரு. அவரு சாவுக்கு அழ ஒரு அப்பா இருந்திருக்காங்க, எனக்குத் தெரியாமப் போச்சு” என்று சொல்லி அழுதாள். “ஒங்க மவனுக்கும் நாங்க கொறை வைக்கலங்க. ரெண்டு நாளும் பெட்டியச் சுத்தி ஒக்காந்து ஜெபமாலை சொன்னோம்.”

பெரியவர் கலயத்தை அவளிடம் கொடுத்துவிட்டுத் தயங்கினார். “தப்பா எடுத்துக்காதம்மா. ஒங்கள்ல செத்தவங்க திரும்ப எழுந்திருப்பாங்கன்னு சொல்லுவாங்களே. இப்புடிச் சாம்பலாப் போனா எப்புடி?”

காலையிலிருந்து அவளைக் குடைந்த கேள்வி அது. பக்கத்தில் சாமியார் வாயைத் திறந்தார். அதற்குள் ஜூலியட், “ஒண்ணுமே இல்லாதப்ப மண்ணெடுத்துச் செஞ்சவரு இல்லீங்களா. சாம்பல் அவருக்கு ஒண்ணும் புதுசு இல்ல” என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான், தான் அதை நம்புகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது.

கதிரவனை அன்று பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள். அடுத்த நாள் நாலு மணிக்குக் காரைக்கால் கல்லறைத் தோட்டத்தில் ஜோசப்புக்கு அடக்கம். குழி ஏற்கெனவே ஆள் நீளத்துக்கு, ஆள் உயரத்துக்கு வெட்டியிருந்தது. “இந்தச் சின்னக் கலயத்துக்கு இவ்ளோ பெருசு எதுக்கும்மா? மூடிட்டு ஓரமா ரெண்டடி வெட்டித் தரேன்” என்றார் குழிவெட்டுபவர். “வேணாங்க, இதுலயே வைக்கலாம்” என்றாள் ஜூலியட். பெட்டியென்றால் கயிறு கட்டி இறக்கலாம். கலயம் கவிழ்ந்துவிடும், யாராவது உள்ளே இறங்கித்தான் வைக்க வேண்டும். ஆம்பளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்துவிட்டாள். “அண்ணி, வேணாம் அண்ணி!” என்று டெய்சி பதறினாள். பிறகு அவளே மண்டியிட்டுக் கலயத்தைக் கீழே நீட்டினாள்.

அடியில் குளிர்ந்திருந்தது. கடல் பக்கத்து மண், கணுக்கால் வரை ஈரம் கசிந்திருந்தது. தலை வைக்கும் இடத்தில் மண்ணைக் கையால் அணைத்து மேடாக்கி, கலயத்தை அமர்த்தினாள். துணி முடிச்சைச் சரிசெய்தாள். மேலே சாமியார் ஜெபிப்பது தூரத்தில் கேட்டது. புருஷனுக்குப் பக்கத்தில் அவளுக்குத் தாராளமாக இடம் இருந்தது. பயமாக இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். நீளச் சதுரமாக வானம், ஓரத்தில் தெரிந்த முகங்கள், உதிர்ந்துகொண்டிருக்கிற மணல்.

ஏணியின் ஒரு கால் சேற்றில் புதைந்து சாய்ந்திருந்தது. அவள் அதைப் பிடுங்கி நிறுத்தப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேலே சலசலப்புக் கேட்டது. யாரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்கள். குழியின் விளிம்பில் சிவப்ரியா மண்டியிட்டாள். அவளுக்குப் பின்னால் சுவாமிநாதன் நின்றார்.

“பதினாறு நாள் வாசப்படி தாண்டக் கூடாதுன்னாங்கக்கா. வந்துட்டேன்” என்றாள், மூச்சு வாங்க. “அங்க சுடுகாட்டுக்குப் பொம்பள வரக் கூடாதுன்னு என்னைய விடல. இங்க வரலாம்ல?”

“வரலாம்மா” என்றாள் ஜூலியட்.

சிவப்ரியா தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு வலது கையைக் குழிக்குள் முழுசாக நீட்டினாள். பெரியவர் பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். ஜூலியட் சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, அந்தக் கையை எட்டிப் பிடித்து, முதல் படியில் கால் வைத்தாள்.