பதினேழாவது கிலோமீற்றரில் ஒரு கடவை

பெப்ரவரி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, வெளியே மைனஸ் பத்தொன்பதில் குளிர் நின்றபோது, ரொறன்ரோவின் மல்வேர்னில் ஒரு டவுன்ஹவுசின் பேஸ்மென்றில் மூன்று மணி நேரம் நின்ற இடத்திலேயே சைக்கிள் ஓடிய மாக்கஸ், பிடரி வெயிலில் வெந்து சிவந்தபடி படியேறி மேலே வந்தார். அவருடைய மனைவி வேரோனிக்கா ஃபிரிட்ஜிலிருந்து தயிரை எடுத்து அவர் பிடரியில் பூசிவிட்டாள். பூசும்போது விரலில் ஒட்டியதை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது. வியர்வையின் உப்பு அல்ல, கடலின் உப்பு. மன்னாரில் பிறந்தவளுக்கு அந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மாக்கஸுக்கு ஐம்பத்தாறு வயது. வெயர்ஹவுஸ் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ற் ஓடுகிறவர். இரண்டு வருடங்களுக்கு முன் வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது, வலப்பக்கம் திரும்பிய கார் ஒன்று அவரைத் தூக்கி நடைபாதையில் போட்டது. முழங்கால் பொருந்தியது. ஆனால் அதற்குப் பிறகு தெருவில் சைக்கிள் சில்லை இறக்க அவரால் முடியவில்லை. காரின் சத்தம் கேட்டாலே நடைபாதையின் உள்பக்கத்துக்கு ஒதுங்கினார். முழங்காலுக்கு சைக்கிள்தான் மருந்து என்று வைத்தியர்கள் சொன்னதால், மகன் அபிஷன் பக்கத்து நகரமான பிக்கரிங்கிலிருந்து வந்து பேஸ்மென்றில் ஓர் ஏற்பாடு செய்து கொடுத்தான். பின்சில்லு ஓர் உருளையின் மேல் சுழலும். முன்னால் ஒரு ஸ்கிரீனில் உலகத்துப் பாதைகளில் எதை வேண்டுமானாலும் ஓடலாம். மாக்கஸ் மலைகளைக் கேட்கவில்லை, நகரங்களைக் கேட்கவில்லை. வாகனமே வராத பாதை ஒன்றைத் தேடினார். சிசிலித் தீவில், மத்தியதரைக் கடலின் கரையோரம், பழைய ரயில் பாதையின் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுக் கிறவல் கல் பரப்பிய பாதை ஒன்று கிடைத்தது. அதன் பிறகு அவர் வேறெதையும் தேடவில்லை.

மார்ச் முடிவதற்குள் பேஸ்மென்றில் கூட்டி அள்ளிய வெள்ளைக் கிறவலால் ஒரு வாளி நிறைந்தது. வேரோனிக்கா அதை வாசற்படி உறைபனிக்குப் போட்டாள். கடையில் வாங்கும் உப்பைவிட நன்றாகவே பிடித்தது. அதைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு யோகராணி அக்கா விசயத்தை அறிந்தார். எங்களுடைய சனத்துக்கு ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் எப்படிப் போகிறார் என்பது பெரிய காரியமில்லை, எவ்வளவு பாரம் கொண்டுபோவார் என்பதுதான் காரியம். அடுத்த சனிக்கிழமை விடிய முன்னமே யோகராணி அக்கா பேஸ்மென்ற் படியில் ஒரு பையுடன் நின்றார்.

"தம்பி, எத்தினை கிலோ விடுவாங்கள்?"

"விடுறதுக்கும் பிடிக்கிறதுக்கும் அங்கை ஒருத்தரும் இல்லை அக்கா. கரியரிலை கட்டக்கூடியது எவ்வளவோ அவ்வளவு."

"அப்ப இந்த மிளகாய்த் தூளைக் கொண்டுபோம். உங்கை சிசிலியிலை, பலெர்மோவிலை என்ரை தங்கச்சியின்ரை மோள் மயூரி இருக்கிறாள். போத்தலும் ஒண்டு இருக்கு, குலுக்கிப் போடாதையும். ஊறுகாய்."

மாலையிலேயே பலெர்மோவிலிருந்து வட்ஸப்பில் படம் வந்தது. தூள் சேர்ந்துவிட்டது. ஊறுகாய்ப் போத்தல் உடைந்திருந்தது. அதற்குப் பிறகு சற்றுத் தள்ளியிருக்கும் டோர்செட் பார்க்கிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பிள்ளைச் சட்டை, கோப்பித் தூள், ஒருமுறை ஒரு கலியாணக் கூறைச் சேலை. பாதையின் பதினேழாவது கிலோமீற்றரில் பழைய ஸ்டேசன் வீடு ஒன்று இருப்பதாகவும், அதைக் காவல் பார்க்கும் றெஜினா என்ற எங்களூர்ப் பெண் பார்சல்களை வாங்கி உரியவர்களிடம் சேர்ப்பதாகவும் மாக்கஸ் சொன்னார். அதைச் சொல்லிக்கொண்டே சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"எனக்கு வேண்டாம். நான் சாப்பிட்டிட்டன்."

முப்பது வருடத்தில் அவர் இன்னொருத்தியின் கையால் சாப்பிட்டுவிட்டு வந்து, அதை இவ்வளவு சாதாரணமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவருடைய மீசையில் பொரித்த மீனின் மணம் இருந்தது. வேரோனிக்கா அந்தக் கோப்பையை மூடி வைத்தாள். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நகத்தால் சுரண்டத் தொடங்கியது.

அது என்ன என்று அவளுக்குத் தெரியும். பெயர் சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் பள்ளிக்கூட பஸ் ஓடுகிறவள். காலையில் ஐம்பது பிள்ளைகள், பின்னேரம் ஐம்பது பிள்ளைகள். சிவப்பு விளக்குப் போட்டு நிறுத்தியிருக்கும்போதே முந்திக்கொண்டு போகிறவர்கள், ஹோர்ன் அடிக்கிறவர்கள், கண்ணாடியைத் திறந்து விரல் காட்டுகிறவர்கள். தெருவைத் தண்டவாளம் குறுக்கே வெட்டும் ரயில் கடவை வந்தால், ரயிலே வராத நாளிலும், நிறுத்திக் கதவைத் திறந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கடக்க வேண்டும். அது சட்டம். அப்போது பின்னால் நிற்கிற வரிசையின் எரிச்சல் முழுவதும் அவள் முதுகில் விழும். பதினான்கு வருடமாக அந்த முதுகுடன்தான் வீட்டுக்கு வருகிறாள். மாக்கஸோ, "ஒரு வாகனம் இல்லை, வேரோனிக்கா. ஒரு ஹோர்ன் இல்லை. கிறவல் நொறுங்குற சத்தமும் கடலும்தான்" என்று சொல்லும்போது, கலியாணப் படத்தில்கூட இல்லாத ஒரு முகத்துடன் சொன்னார்.

றெஜினாவைப் பார்க்க வேண்டும் என்று அவள் மனம் அரித்தது. ஒருநாள் யோகராணி அக்காவின் ஃபோனில் பார்த்தும் விட்டாள். மயூரி வீட்டுக்கு வந்திருந்த றெஜினா ஸ்கிரீனுக்குள் தலையை நீட்டினார். எழுபத்தொரு வயது, முன்வாயில் இரண்டு பல், காதில் வெள்ளைப் பஞ்சு. வேரோனிக்கா அன்றைக்குச் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். சந்தோசம் வரவில்லை. பொறாமை கொஞ்சமும் குறையாமல் அப்படியே இருந்தது, போய்ச் சேர விலாசம் மட்டும் இல்லாமல் போயிற்று. ஒரு பெண் என்றால் அவளைத் திட்டலாம், அவளைவிட வடிவாக உடுக்கலாம். ஒரு பாதையை என்ன செய்வது?

மாக்கஸ் பிந்தத் தொடங்கினார். காலை ஒன்பதுக்குப் படியேறி வந்தவர் மதியத்துக்கு வந்தார், பிறகு மூன்று மணிக்கு வந்தார். ரொறன்ரோவில் மூன்று மணி என்றால் அங்கே இரவு ஒன்பது. இருட்டில் அங்கே என்ன பார்க்கிறார்? அபிஷனை அழைத்து முறையிட்டாள். "அம்மா, இற்ஸ் ஃபைன். அப்பா ஹாப்பியா இருக்கிறார்தானே? நீங்கள் பிளக்கை மட்டும் கழட்டிப் போடாதேங்கோ, அப்பா ஓடின றைட் சேவ் ஆகாது" என்றான்.

ஈஸ்டருக்கு முதல் நாள், பெரிய சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கும் அவர் வரவில்லை. உயிர்ப்புப் பூசைக்குச் சேலை உடுத்து, கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பேஸ்மென்றுக்கு இறங்கினாள். சீற்றில் ஆள் இல்லை. மிதிகட்டைகள் தாமாகச் சுழன்றன. பின்சில்லு உருளையின் மேல் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. இதுவரை அவள் அப்படிப் பார்த்ததில்லை. அவர் இல்லாத இடத்தில் அவருடைய கால்களின் வேகம் மட்டும் இருந்தது. எந்த வேகம் என்று அவளுக்குத் தெரியும். அவசரமே இல்லாதவனின் வேகம். அவள் குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். ஸ்கிரீன் இருண்டது. உருளையின் சின்ன விளக்கு அணைந்தது. சில்லு அதே நிதானத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் தனியே பூசைக்குப் போனாள். எல்லோரும் மெழுகுதிரி பிடித்து நின்றபோது, அவருக்கென்று வாங்கியதையும் சேர்த்து இரண்டு பிடித்தாள். திரும்பி வந்தபோது மாக்கஸ் குசினியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"கீழை கறண்ட் இல்லைப் போல."

"நான்தான் பிடுங்கினனான்."

"ஏன்?"

"நீங்கள் வரவேணும் எண்டு. இல்லாட்டி வராமலே போகவேணும் எண்டு. ரெண்டிலை எது எண்டு எனக்கே தெரியேல்லை. அங்கை உங்களுக்கு அப்பிடி என்ன இருக்கு?"

அவர் குடித்த கிளாசைக் கழுவிக் கவிழ்த்தார். "ஒண்டும் இல்லை. அதுதான்" என்றார். பிறகு, "நீரும் ஓடிப் பாருமன்" என்றார். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பிச்சை போடுகிற மாதிரி இருந்தது.

ஆனாலும் ஓடினாள். காலைப் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு பின்னேரம் வரைக்கும் இருக்கிற நான்கு மணி நேரத்தில், பஸ் ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் ஏறி மிதித்தாள். அவரைத் துரத்திப் பிடிக்கிறவள் போல மிதித்தாள். ஸ்கிரீனில் கடல் நீலமாக ஓடியது, பேஸ்மென்றில் உடுப்புத் தோய்க்கும் மெஷினின் மணம்தான் அடித்தது. ஐந்து வாரங்கள். ஒரு மணல்கூட ஒட்டவில்லை. அந்தப் பாதைக்கு அவள் வேண்டாம் என்று அவள் முடிவுகட்டினாள். இரவில் குறட்டை விடும் மாக்கஸின் காதுமடலில் உப்புப் பூத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

மே மாதத்தின் கடைசிப் புதன்கிழமை அவளுக்கு உடம்பு அலுத்திருந்தது. துரத்துகிற எண்ணம் அன்றைக்கு வரவில்லை. பதினேழாவது கிலோமீற்றரில் பழைய ரயில் கடவையின் எச்சரிக்கைப் பலகை ஒன்று துருப்பிடித்து நிற்பது ஸ்கிரீனில் வந்தது. எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறாள். இம்முறை கால் தானாக நின்றது. தண்டவாளமே இல்லாத கடவை. வலது கை, பஸ்சில் நீட்டுவது போல நீண்டு, பக்கத்தில் இருந்த சலவை அறைக் கதவைத் திறந்தது. அவள் மூச்சை அடக்கிக் காது கொடுத்தாள். பின்னால் யாரும் ஹோர்ன் அடிக்கவில்லை. முதலில் ஒன்றுமில்லை. பிறகு மிகத் தூரத்தில், கல்லில் தண்ணீர் ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. இரு பக்கமும் பார்த்துவிட்டு அவள் மிதித்தாள். சில்லுக்குக் கீழே கிறவல் நொறுங்கியது.

ஸ்டேசன் வீட்டு வாசலில் றெஜினா கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தார்.

"பார்சல் சனிக்கிழமையெல்லோ? நீர் ஆர் பிள்ளை?"

"மாக்கஸின்ரை மனிசி."

"அந்தாளுக்கு மனிசி இருக்கோ!" றெஜினா இரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். "ஒரு நாளும் சொன்னதில்லை. கோவிக்காதையும், அது இஞ்சை ஒண்டுமே கதைக்கிறதில்லை. மீனைத் திண்டிட்டு, உந்தச் சுவரிலை இருந்து கடலைப் பாத்துக்கொண்டிருக்கும். இருட்டினாப் பிறகும் இருக்கும். நானும் என்ன ஏதெண்டு கேக்கிறதில்லை. நீர் சாப்பிடுறீரோ?"

அவள் சாப்பிட்டாள். பிறகு அந்தச் சுவரில் போய் இருந்தாள். தன்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாத மனுசனை நினைத்துக் கோபப்படுவதற்கென்றே இருந்தாள். வெயில் பிடரியில் விழுந்தது. பாதை இரு பக்கமும் வெள்ளையாக, வெறுமையாகக் கிடந்தது. எழும்பும்போதுதான் கவனித்தாள். ஒரு மணி நேரமாக அவள் மாக்கஸை நினைக்கவே இல்லை. அபிஷனை நினைக்கவில்லை, பஸ்சை நினைக்கவில்லை. கொண்டுவந்த கோபத்தை எங்கே வைத்தாள் என்று தேடினாள். சுவரில் இல்லை.

பின்னேரம் பஸ்சில் ஏறிய ஒரு சிறுமி அவளுடைய சிவந்த கழுத்தைப் பார்த்து, "மிஸ், நீங்கள் ஃப்ளோரிடா போனனீங்களா?" என்று கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை மாக்கஸ் ஒன்பது மணிக்கே மேலே வந்துவிட்டார். சாப்பிடவும் இல்லை. மேசையில் கையை வைத்துக்கொண்டு இருந்தார்.

"பாதையிலை ஒரு சில்லுத் தடம் கிடக்கு."

"ஆற்றையோ?"

"தெரியேல்லை. ஒவ்வொரு கடவையிலையும் நிண்டு நிண்டு போயிருக்கு." அவர் அவளுடைய கழுத்தைப் பார்த்தார். "நீர் எங்கை வெயில் பட்டனீர்?"

"பஸ்சுக்கை" என்றாள் வேரோனிக்கா. சொன்ன பிறகு, அந்தப் பொய்யில் ஒரு ருசி இருந்ததை அவள் மறைக்கவில்லை, தன்னிடம்.

அதற்கடுத்த புதன்கிழமை அவள் திரும்பி வந்து சைக்கிளை விட்டு இறங்கியபோது ஸ்கிரீன் இருண்டிருந்தது. பிளக் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டு நிலத்தில் கிடந்தது. படியில் மாக்கஸின் வேலைச் சப்பாத்துகள் இருந்தன. வெயர்ஹவுசில் இருக்க வேண்டிய நேரம். அவர் இங்கே நின்று, ஆளில்லாத சீற்றையும் நிற்காத சில்லையும் பார்த்திருக்கிறார். எவ்வளவு நேரம் நின்றிருப்பார் என்று அவளால் கிட்டத்தட்டச் சொல்ல முடிந்தது. அவள் பிளக்கை எடுத்துச் சுவரில் கொழுவிவிட்டு மேலே போனாள். மாக்கஸ் குசினியில் தயிர்ச் சட்டியுடன் நின்றார்.

"திரும்பும்" என்றார்.

அவள் திரும்பி நின்றாள். தயிர் குளிர்ந்து இறங்கியது. யன்னல் கண்ணாடியில் பார்த்தாள். அவர் விரலில் ஒட்டியதை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

ஜூன் மாதத்திலிருந்து பார்சல்கள் புதன், சனி என்று இரண்டு நாளும் எடுக்கப்பட்டன. யோகராணி அக்கா ஊறுகாயைப் புதனில் மட்டும்தான் கொடுத்தார், அன்றைக்குச் சைக்கிள் ஒவ்வொரு கடவையிலும் நின்று போவதால் போத்தல் உடையாமல் போய்ச் சேர்ந்தது. சைக்கிள் ஒன்றுதான் என்பதால் இருவரும் சேர்ந்து போனதில்லை. இரண்டாவது வாங்கும் கதையை அபிஷன் எடுத்தபோது இருவருமே வேறு கதை கதைத்தார்கள். பிளக் சில நாட்களில் சுவரில் இருக்கும், சில நாட்களில் நிலத்தில் கிடக்கும். யார் பிடுங்கியது என்று யாரும் கேட்பதில்லை. சில்லு எந்த நாளும் நின்றதில்லை.