குண்டு எலிகளின் பட்டினி

அது என் காதில் விழாமலே போயிருக்கலாம், என்று நினைத்தாள் இசைவாணி. இலுப்பூர் பஸ் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் ஏறிப் போயிருப்பேன். இன்றைக்குச் சாரின் அறைக்குள் சிரித்துக்கொண்டே நுழைந்திருப்பேன்.

நேற்று கல்லூரி வாசலில் பஸ்ஸுக்கு நின்றபோது, எலிக்கூண்டுகளைக் கழுவும் செங்கமலம் பேச்சுவாக்கில் சொன்னாள்.

"அன்னிக்கு எலிகளப் பட்டினி போட்டிருந்தியே தாயி, எனக்கு மனசு கேக்கல. மெலிஞ்சதுக வயித்தக் கட்டிக்கிட்டுக் கெடந்திரும். இந்தக் குண்டுப் பயலுக தின்னே பழகுனதுக, தாங்குமா? விடியக்காலம் அதுகளுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு உருண்டை போட்டேன்."

"ஆளுக்கா!" என்று சிரித்த இசைவாணிக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

அந்த உருண்டை விழுந்த அன்று காலையில்தான் சோதனை. கொழுப்பைக் கரைக்கச் சொல்லும் மருந்தை ஊசியில் ஏற்றி, கரைந்ததற்கு அடையாளமான கிளிசரால் ரத்தத்தில் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தாள். மெலிந்த எலிகளில் ஏறியது. குண்டு எலிகளில் அசையவே இல்லை. பருத்த உடம்பின் கொழுப்புச் செல்கள் அந்தக் கட்டளைக்குச் செவிசாய்ப்பதில்லை என்ற அவளுடைய கணிப்புக்கு அச்சாகப் பொருந்திய முடிவு. ஆனால் தின்ற எலிக்கு இன்சுலின் ஏறும். இன்சுலின் ஏறினால் எந்தச் செல்லும் கொழுப்பை விடாது. செல் கேட்கவில்லையா, வயிறு நிறைந்திருந்ததா? இனிப் பிரித்துச் சொல்ல வழியில்லை.

இன்றைக்கு அவள் இதைச் சொல்லி முடித்ததும், அவளுடைய ஆய்வு வழிகாட்டி சிவபிரகாஷ் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தம்மா ஏதோ சொல்லுதுன்னு... நீ கண்ணால பாத்தியா?"

"பாக்கல சார்."

"அப்புறம் என்ன? எலிக்கு விருந்து வச்ச கதைய எழுதியா டாக்டர் பட்டம் வாங்கப்போற?"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கெட்டவரில்லை. ஆய்வேட்டை இந்த மாதம் கொடுத்தால்தான் அரிமளத்துக்குப் பக்கத்துக் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை என்பது அவருக்கும் தெரியும். அதற்காக அங்கே பேசியவரே அவர்தான்.

"மறுபடி எலிகளக் கொழுக்க வைக்கவே மாசக்கணக்காகும். அந்த வேலை ஒனக்காகக் காத்திருக்காதும்மா. நம்ம கணிப்பு சரின்னு ஒனக்கே தெரியுமே."

தெரியுமா? அதைத்தான் நேற்றிலிருந்து தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்தாள். நம்புகிறேன். நம்புவதால்தான் அந்த முடிவைப் பார்த்ததும் ஒரு கேள்விகூட எழவில்லை. பிடிக்காத முடிவு வந்திருந்தால் அன்றைக்கே செங்கமலம் அக்காவிடம் ஓடிப்போய்க் கூண்டில் என்ன நடந்தது என்று விசாரித்திருப்பேன். காதில் விழுந்தும் கரையாமல் கிடக்கும் அந்தச் செல்லைப் போல இனி நானும் இருந்துவிடலாம். வேலை கிடைக்கும். பிள்ளைகள் முன்னால் நின்று இதையே பாடமும் நடத்துவேன்.

"அந்தம்மாவ வேற பக்கம் மாத்திரலாம். இனிமே இந்தத் தொல்லை இருக்காது," என்றார் சார்.

"வேணாம் சார். பட்டினி எதுக்குன்னு அவங்ககிட்ட நான் சொல்லவே இல்ல. பிசகு என்னோடது. இந்தத் தடவ சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்."

"இந்தத் தடவயா?"

"புது எலிக் குட்டிகளுக்குக் கொழுப்புத் தீனி இன்னிக்குக் காலையிலயே ஆரம்பிச்சிட்டேன் சார்."

அவர் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். ஆய்வேடு திறந்திருந்தது.

"பேசாம அனுப்பிடும்மா. நான் பாத்துக்கறேன்."

இசைவாணி திரையைத் தொடாமல் எழுந்தாள்.

"அனுப்பல சார்," என்றாள்.