எட்டும் முட்டையும்

தமிழழகன் என்று பெயர் வைத்ததோடு சரி, என் வீட்டுக்காரருக்குப் பிடித்ததெல்லாம் அமெரிக்கா. ஷேர் ஆட்டோ ஓட்டுவது தியாகதுருகத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில். மனசு ஓடுவது அந்த ஊர்க் கார் பந்தயத்தில். சக்கரத்துக்கு மேல் மூடியே இல்லாத கார்கள். முதல் தடவை பார்த்தபோது, "மட்காடு வாங்கக்கூட வக்கில்லாதவங்களா மாமா?" என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

பங்குனியில் தொடங்கி ஆவணிக் கடைசி வரை சீசன். அங்கே பந்தயம் நடக்கும்போது இங்கே ராத்திரி, அதனால் மறுநாள் மதிய சவாரி ஓய்ந்த பிறகுதான் போனில் பார்ப்பார். அதுவரை யார் ஜெயித்தது என்று ஸ்டாண்டில் எவனும் வாயைத் திறக்கக் கூடாது. பந்தயம் இல்லாத வாரத்தில் அதே கார்களின் பயிற்சி ஓட்டம். ஒருமுறை பார்த்ததை மறுபடி பார்க்க மாட்டார். முடிவு தெரிந்த பிறகு அதில் என்ன இருக்கிறது என்பார்.

எனக்கு வேண்டியது அந்த ஆட்டோ. நாற்று நடவு, களை எடுப்பு, கரும்பு வெட்டு என்று குனிந்தே கழிந்துவிட்டது என் வயசு. நிமிர்ந்து உட்கார்ந்து சம்பாதிக்க வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. விடியற்காலையில் எங்கள் தெருப் பெண்கள் வேலைக்குப் போக வண்டி இல்லாமல் நிற்பார்கள். அந்த நேரத்தில் ஆட்டோ வீட்டு வாசலில் சும்மா கிடக்கும். இவர் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

"பொம்பள ஆட்டோ ஓட்டுனா ஸ்டாண்டுல என்னப் பத்தி இன்னா பேசுவானுங்க?" என்பார் கேட்டால்.

நச்சரித்து நச்சரித்து வைகாசியில் ஒப்புக்கொள்ள வைத்தேன். எல்.எல்.ஆர். போட்டுக் கொடுத்து, ஊருக்கு வெளியே காய்ந்து கிடந்த ஏரிக்கு அழைத்துப் போனார். "அமெரிக்காக்காரன் மாதிரியே கத்துத் தரேன் பாரு" என்று போனில் ஒரு பந்தயத்தைக் காட்டினார். முட்டை வடிவத்தில் ஒரு தடம். கார்கள் இடப்பக்கமாகவே வளைந்து சுற்றிக்கொண்டிருந்தன. நானும் ஏரிக்குள் இடப்பக்கமாகவே சுற்றினேன்.

"மாமா, ரைட்டு எப்ப?"

"அவ்ளோ பெரிய ரேஸுக்காரனே லெஃப்ட்டுலதான் சுத்திக்கினு இருக்கான். உனுக்கு அவசரம் ஜாஸ்தி."

ஏரியில் ஆடு மேய்க்கும் ராணியம்மாள் அக்காவை ஒருநாள் சந்தையில் இறக்கிவிடப் போனோம். இவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சந்தைக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். எனக்குத்தான் வலது வராதே. இடது, இடது, இடது என்று தெருவையே சுற்றிப் போய்ச் சேர்ந்தேன்.

"இன்னாடி கோகிலா, இந்தப் புள்ளையாரயே திரும்பத் திரும்பப் பாக்கறேன். எதுனா வேண்டுதலா?" என்றார் அக்கா. இவர் கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்கு உறைத்தது அந்த வாரம்தான். இவர் குளிக்கப் போனபோது போனில் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. அதே கார்கள்தான், ஆனால் ஏதோ ஒரு ஊர்த் தெருவுக்குள் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒடித்து ஒடித்துப் போயின. சீசனில் எல்லா விதமும் உண்டாம். இந்த மனுஷன் பொறுக்கி எடுத்து எனக்கு முட்டையை மட்டும் காட்டியிருக்கிறார்.

மிச்சத்தை ஸ்டாண்டில் இவரோடு ஓட்டும் அஜித்குமார் சிரித்துக்கொண்டே சொன்னான். "அண்ணன் இன்னா சொல்லிக்கினு இருக்காரு தெரியுமா? எம் பொண்டாட்டி டெஸ்டுல எட்டு போட போயி முட்டதான் போட்டுட்டு வருவா. எட்டு போட்டுட்டான்னா, அமெரிக்காவுல பெரிய ரேஸுல ஜெயிக்கறவனுக்குக் குடுக்கற மாதிரி நானே அவ கையில பால் குடுக்கறேன்னு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சரி, அவர் பாணியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

ஏரிக்கரை வேப்பமரத்தடியில் இவர் போனைக் கையில் எடுத்தால் தலை குனிந்துவிடும். ஆட்டோ எந்தப் பக்கம் சுற்றினாலும் சத்தம் ஒன்றுதானே. நான் முதலில் நல்ல பிள்ளையாக இடப்பக்கம் சுற்றுவேன். தலை குனிந்ததும் வலப்பக்கம் வளைப்பேன். தலை நிமிர்ந்தால் ராணியம்மாள் அக்கா, "ஏய் கருப்பி, எங்கடி போற?" என்று ஆட்டை அதட்டுவார். உடனே நான் இடப்பக்கம் வந்துவிடுவேன். செய்யாத தப்புக்கெல்லாம் அந்தக் கருப்பி திட்டு வாங்கியது.

புரட்டாசியில் அந்த அதட்டலுக்கும் வேலை இல்லாமல் போனது. இவர் தலை நிமிரவே இல்லை. அப்படி ஒரு பந்தய வெறி. எனக்கு இருந்த ஒரே பயம் மழை. கல்வராயன் மலைமேல் மேகம் கருக்கும்போதெல்லாம் ஏரியை ஓடிப் போய்ப் பார்ப்பேன். ஏரிக்குத் தண்ணீர் வந்துவிட்டால் எனக்கு வேறு இடம் இல்லை.

ஐப்பசியில் டெஸ்ட். வேடிக்கை பார்க்க ஸ்டாண்டே வந்திருந்தது. முதல் வளைவு இடது, கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். அடுத்தது வலது. கருப்பியை நினைத்துக்கொண்டு ஒடித்தேன். ஓரத்தில் அடுக்கியிருந்த ஒரு கல்லும் படாமல் எட்டு வந்து முடிந்தது. இன்ஸ்பெக்டர் தலையசைத்ததும் எனக்கு அழுகை வந்தது. யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதேன்.

எதிரே டீக்கடை. எல்லோரும் இவரையே பார்த்தார்கள்.

"இன்னா பாலு வேணும்?" என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. அங்கே ஜெயிக்கிறவனையும் இப்படிக் கேட்டுத்தான் கொடுப்பார்களாம்.

"எருமப் பாலு. ஆடைய எடுத்துட்டு."

ஆடையை எடுத்து, ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். வயிற்றில் பாலை வார்த்த மாதிரி என்பார்கள். எனக்கு நிஜப் பாலையே வார்த்துவிட்டார்.

"போனப் பாத்துக்கினே கோட்ட வுட்டுட்டியே அண்ணே," என்று ஆரம்பித்த அஜித்குமார் சட்டென்று நிறுத்தினான். "இரு இரு. சீசன்தான் ஆவணியோட முடிஞ்சிபோச்சே. பொரட்டாசி பூரா நீ இன்னாத்தப் பாத்துக்கினு இருந்த?"

"வெயிலு ஏறுது. வண்டிய எடு கோகிலா, வூட்டுக்குப் போலாம்," என்று சொல்லிவிட்டு இவர் விறுவிறுவென்று போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் ஊருக்கு அங்கிருந்து வலப்பக்கம் திரும்ப வேண்டும். வலது இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். வழக்கம்போல் கையில் போன், குனிந்த தலை. போனில் வெளிச்சமே இல்லை.

"தலையத் தூக்கு மாமா," என்றேன். "ரேஸு முடிஞ்சிபோச்சு."

அவர் தூக்கவில்லை. தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது.