கோட்டிங் ஒட்டாத இடம்

வீட்டு வாசலில் காரைக் கழுவுகிறவர்களைக் கண்டாலே முபஷ்ஷிருக்கு ஆகாது. கோவளத்தில் ஈசிஆர் ரோட்டை ஒட்டியே அவன் கடை. கார் பெயின்ட்டுக்கு பாலிஷ் போட்டு, அதன் மேல் தண்ணீரும் அழுக்கும் ஒட்டாமல் வழுக்கி ஓடச் செய்கிற செராமிக் கோட்டிங் பூசிக் கொடுப்பது தொழில். பதினோரு வருஷமாகச் செய்கிறான், நன்றாகவே செய்கிறான். சிக்கல் என்னவென்றால் அது அவனுக்கும் தெரியும்.

பழைய பனியனால் துடைப்பவன், பாத்திரம் விளக்குகிற சோப்பைக் கரைத்து ஊற்றுபவன், கீறலுக்கு டூத்பேஸ்ட் தேய்ப்பவன், டேஷ்போர்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுபவன் என்று அவனிடம் ஒரு பெரிய பட்டியலே இருந்தது. அதில் முதல் இடம் யூட்யூப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்களுக்கு. "குடல் ஆபரேஷனயும் அதுல பாத்தே பண்ணிக்க வேண்டியதுதான?" என்பான். கடல் காற்று உப்பையும் மணலையும் கொண்டுவந்து காரின் மேல் போடும், தண்ணீர் ஊற்றாமல் வெறும் துணியால் துடைத்தால் பெயின்ட் நாசம் என்று அவன் சொல்வதெல்லாம் உண்மைதான். உண்மையைச் சொல்லிக்கொண்டே ஒருவன் இவ்வளவு எரிச்சலை மூட்ட முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள், ஒரு தரம் அவன் கடைக்குப் போய்விட்டு வரலாம்.

ஞானதாஸ் போனார்.

அவருக்குத் திருக்கழுக்குன்றத்தில் வீடு, செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலை. அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் வாங்கிய முதல் கார் அவருடையது, கருநீலம். மூன்று வருஷமாக அதை வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை. ஞாயிறு விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், இரண்டு பக்கெட் வைத்துக்கொண்டு கழுவுவார். ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் துணியை அலசிக்கொள்ள நல்ல தண்ணீர். அடுத்த வியாழக்கிழமை மகள் பிரிசில்லாவுக்குக் கல்யாணம். சர்ச்சிலிருந்து மண்டபத்துக்குப் பெண் அந்தக் காரில்தான் போவாள். கோட்டிங்கையும் அவரே போட்டிருப்பார். வீட்டெதிரே ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள், தூசி தாங்கவில்லை. வேறு வழியில்லாமல் வந்தார்.

அவர் வந்த நேரம், நரசிம்மன் கடையில் உட்கார்ந்திருந்தார். மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் வண்டிகளைக் கவனிக்கும் மேனேஜர் அவர். பன்னிரண்டு வண்டி. கடலுக்கு நேர் எதிரே நின்று உப்பு தின்கிற வண்டிகள். அந்த வேலையைப் பிடிக்க முபஷ்ஷிர் ஆறு மாதமாக அலைந்துகொண்டிருந்தான். அது கைக்கு வந்தால் முட்டுக்காடு முதல் மாமல்லபுரம் வரை அவன்தான் ராஜா. பெரிய கடைகளெல்லாம் சென்னையில்தான் இருக்கின்றன என்று சொல்கிறவர்கள் வாயை அடைக்கலாம். நரசிம்மன் இன்னும் பிடி கொடுக்கவில்லை.

ஆகவே அவருக்கு ஒரு வேடிக்கை காட்ட நினைத்தான். ஞானதாஸின் பானெட் மேல் டார்ச்சை அடித்தான். வெளிச்சத்தைச் சுற்றி, சிலந்திவலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரிந்தன. மூன்று வருஷம் ஓடிய எந்த வண்டியிலும் தெரியும். அதை அவன் சொல்லவில்லை.

"இன்னா அண்ணாத்த, துணி தொவைக்கிற கல்லுல போட்டு தேச்சீங்களா?"

"ரெண்டு பக்கெட்டு வெச்சித்தான் பாய் கழுவுறேன்," என்றார் ஞானதாஸ்.

"பக்கெட்டு எத்தினி வெச்சா இன்னா? தேய்க்கிற கை அதேதான. சார், இத்த பாருங்க சார்," என்று நரசிம்மனைக் கூப்பிட்டான். "இவுங்கல்லாம் வூட்லயே டாக்டர். பேஷன்ட்ட கொன்னுட்டு கடைசில நம்மளாண்ட தூக்கிகினு வந்துருவாங்க."

நரசிம்மன் சிரித்தார். ஞானதாஸின் காது மடல் சூடானது. மூன்று வருஷம் குழந்தையைக் குளிப்பாட்டுவது போலக் குளிப்பாட்டிய வண்டி. சாவியைக் கொடுத்தார். "நல்லா பண்ணிக் குடுங்க பாய். பொண்ணு ஏறுற வண்டி."

கழுவி, ஒட்டிப்போன அழுக்கை உரித்தெடுக்கும் களிமண் கட்டியால் தேய்த்து, பாலிஷ் அடித்து, வெள்ளிக்கிழமை காலைக்குள் வண்டியைக் கண்ணாடி போல் ஆக்கிவிட்டான். கோட்டிங் பூசுவதற்கு முன் ஸ்பிரிட்டால் துடைத்து, பெயின்ட் மேல் எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இல்லாமல் எடுக்க வேண்டும். பிசுக்கு இருக்கிற இடத்தில் கோட்டிங் பிடிக்காது. வீட்டில் செய்கிறவர்கள் தவறாமல் கோட்டைவிடுகிற இடம் இது என்று அவன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறான். அன்று காலை பதினொன்றுக்கு அதையும் முடித்தான். பிறகு குளித்து, தொப்பி போட்டுக்கொண்டு ஜும்மாவுக்குப் போனான்.

அவன் பள்ளிவாசலில் இருந்தபோது ஞானதாஸும் மனைவி மேரியும் பாஸ்டரோடு கடைக்கு வந்தார்கள். மேரிக்கு எதுவானாலும் எண்ணெய் ஜெபம் வேண்டும். தையல் மெஷினுக்கு நடந்தது, ஃப்ரிட்ஜுக்கு நடந்தது. பெண் ஏறப்போகிற வண்டிக்கு நடக்காமல் இருக்குமா? பாஸ்டரோ அன்று சாயங்காலம் வெளியூர் கூட்டத்துக்குப் புறப்படுகிறார், இனி கல்யாணத்துக்குத்தான் வருவார். புக்கிங் எழுதுகிற தமிழ்ச்செல்வி, ஜெபம்தானே என்று உள்ளே விட்டுவிட்டாள். பாஸ்டர் கண்ணை மூடி ஜெபித்து, கட்டை விரலை ஒலிவ எண்ணெயில் தொட்டு, பானெட் நடுவில் ஒரு சாண் நீளத்துக்குச் சிலுவை போட்டார்.

பிசுக்கின் மேல் கோட்டிங் பிடிக்காது என்று ஞானதாஸுக்கும் தெரியும். ஜெபத்தின் நடுவில் என்ன சொல்ல முடியும்? ஆமென் முடிந்ததும் பையிலிருந்து மெல்லிய துணியை எடுத்தார். தேய்த்தால் கோடு விழும் என்று, மேலே வைத்து அழுத்தி ஒற்றி ஒற்றி எடுத்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் போனது. மேரியையும் பாஸ்டரையும் பஸ் ஏற்றிவிட்டு, முபஷ்ஷிர் வரும்வரை கடையிலேயே காத்திருந்தார்.

"பாய், பானெட்டு நடுவுல எண்ணெ பட்டுடிச்சி. ஜெபம் பண்ணாங்க. ஒத்தி எடுத்துட்டேன், ஆனா பிசுக்கு இருக்கும். கோட்டிங் போடுறதுக்கு முன்னாடி இன்னொரு வாட்டி ஸ்பிரிட்டு போட்டு தொடச்சிருங்க."

இந்த ஒரு வாக்கியத்தை வேறு யார் சொல்லியிருந்தாலும் முபஷ்ஷிர் துடைத்திருப்பான். தமிழ்ச்செல்வி சொல்லியிருந்தால்கூட. வீட்டில் பக்கெட் வைத்துக் கழுவுகிற ஆள், ஸ்பிரிட் போடச் சொல்லி அவனுக்குச் சொல்லித் தருகிறாராம்!

"எல்லாம் வீடியோல பாத்ததா?" என்றான். "அண்ணாத்த, நான் இந்தத் தொழிலுக்கு வந்தப்ப நீங்க சைக்கிள்ள போய்கினு இருந்தீங்க. வூட்டுக்குப் போங்க. ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு வாங்க."

அவர் போனதும் கோட்டிங் பாட்டிலைத் திறந்தான். காலையில் ஒரு தரம் துடைத்த வண்டி. மறுபடி துடைக்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது, ஸ்பிரிட் பாட்டில் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. துடைத்தால் அந்த ஆள் சொன்னதைக் கேட்டதாக ஆகிவிடும். பானெட் நடுவில் டார்ச் அடித்துக்கூடப் பார்க்கவில்லை. கோட்டிங்கை எடுத்துப் பூசிக்கொண்டே போனான். பார்க்க ஆள் இல்லாத இடத்திலும் வீம்பு பிடிக்கிறவனை என்ன செய்வது?

ஞாயிறு நாலு மணிக்கு ஞானதாஸும் மேரியும் வந்தார்கள். முபஷ்ஷிர் நரசிம்மனையும் வரச் சொல்லியிருந்தான். கண்ணெதிரில் கழுவிக் காட்டினால் மனிதர் இன்றைக்கே சரி என்று சொல்லிவிடுவார் என்பது அவன் கணக்கு. வண்டியை வெளியே நிறுத்தி, ஷாம்பு நுரை அடித்து, தேய்த்து, தண்ணீர் விட்டான். டீக்கடையிலிருந்தும் நாலு பேர் வந்து நின்றார்கள்.

"இப்ப பாருங்க சார்," என்று ஒரு சொம்புத் தண்ணீரை பானெட் மேல் ஊற்றினான்.

தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நாலாபக்கமும் உருண்டு ஓடியது. நடுவில் மட்டும் ஓடவில்லை. அங்கே தட்டையாகப் படிந்து நின்றது. ஒரு சாண் நீளம். குறுக்கே அரைச் சாண். சிலுவை.

"ஸ்தோத்திரம்!" என்று மேரி கத்திவிட்டாள். தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டாள், கண்ணில் தண்ணீர். "என் புள்ள ஏறுற வண்டில…"

முபஷ்ஷிருக்குப் பார்த்த கணமே என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது. கோட்டிங் பிடிக்கவில்லை, ஷாம்பு போட்டதும் அந்த இடத்தில் மட்டும் கழன்று போய்விட்டது. அவன் மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கிற அதே தப்பு. சொல்லியும் கேட்காமல் செய்த தப்பு.

"யக்கா, கொஞ்சம் தள்ளுங்க. அஞ்சு நிமிஷம். மிஷினு வெச்சி எடுத்துட்டு திரும்பப் போட்டுட்றேன்."

"எடுக்கிறதா?" மேரி பானெட்டுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். "தொட்டீங்கன்னா பாருங்க! நீங்க முஸ்லிமு. இருந்தும் எங்களுக்காக இப்டி ஒண்ணு போட்டுக் குடுத்துகீறீங்க. நல்லா இருப்பீங்க பாய்."

நரசிம்மன் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். இன்னொரு சொம்பு ஊற்றச் சொல்லி மறுபடி பார்த்தார். ஆறு மாதத்தில் அவர் முகத்தில் இப்படி ஒரு மலர்ச்சியை முபஷ்ஷிர் கண்டதில்லை.

"தண்ணி பட்டா மட்டும் தெரியுதா? பிரமாதம்யா! மெட்ராஸ்ல எவனும் இத்த பண்றதில்ல. எங்க ரிசார்ட்டுக்கு சங்குதான் சின்னம். பன்னெண்டு வண்டிலயும் இதே மாதிரி சங்கு வரணும். பண்ணுவியா?"

முபஷ்ஷிர் ஞானதாஸைப் பார்த்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். டார்ச் அடித்துச் சிரித்ததற்கும் சைக்கிளைச் சொல்லிக்காட்டியதற்கும் இந்த இடத்திலேயே வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடலாம். ஞானதாஸோ தன் பையிலிருந்து டவலை எடுத்து, பானெட் மேல் விரித்துப் போட்டு, தேய்க்காமல் மெல்ல இழுத்துத் தண்ணீரை எடுத்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முபஷ்ஷிருக்கு ஒரு நொடி தோன்றியது. நாக்கு வரைக்கும் வந்தது.

"பண்ணலாம் சார்," என்றான்.

டவலை மடித்து வைத்துவிட்டு ஞானதாஸ் சாவிக்குக் கை நீட்டினார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"சங்கு போட எண்ணெ வேணும்னா சொல்லுங்க பாய். பாஸ்டராண்ட வாங்கித் தரேன்."

முபஷ்ஷிருக்கு முகம் எரிந்தது. வண்டியில் ஏறும்போது மேரி, "பாயிகிட்ட இன்னா சொல்லிகினு இருந்த?" என்று கேட்பதும், "ஒண்ணுமில்ல, தொழில் விஷயம்" என்று அவர் சொல்வதும் கேட்டது. கருநீல வண்டி ஈசிஆரில் ஏறித் திரும்பியது.

"அப்ப எப்ப ஆரம்பிக்கிறே?" என்று நரசிம்மன் அவன் தோளில் தட்டினார். "மொதல்ல ஒரு வண்டி அனுப்புறேன். நான் பக்கத்துலயே இருந்து பாக்கணும், நீ எப்டி போடுறேன்னு."

பதினோரு வருஷத் தொழிலில் முதல் தடவையாக, முபஷ்ஷிருக்கு எப்படிப் போடுவது என்று தெரியவில்லை.