ராஜா கட்டிய சுவர்கள்

ராஜாக்கள் வேட்டையாடிய காடு இப்போது வனவிலங்குச் சரணாலயம். வாசலில் டிக்கெட் கிழித்துக் கொடுப்பது அவள் வேலை. உள்ளே காவல் சுற்றுவது அவள் புருஷன் வேலை. மனுஷன் ஊரார் பேச்செல்லாம் கேட்பார், பெண்டாட்டி பேச்சு மட்டும் காதில் ஏறாது. "அடிபட்ட எருமை சுத்துது, தனியாப் போகாதீங்க" என்று நேற்றும் தலைபாடாக அடித்துக்கொண்டாள். கேட்காமல் போனார். காட்டெருமை துரத்த, பழைய வேட்டை மாளிகையின் மாடியில் ஏறித் தப்பித்தார்.

காலையில் போனில் அவர் குரல் குழறியது. சுகர்காரர், நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லை. "எருமை எதிர்ப் புதருக்குள்ள படுத்திருக்கு" என்றார். அத்தோடு போன் செத்துவிட்டது.

"மயக்க ஊசி போடுற டாக்டர் வர சாயங்காலம் ஆகும். அதுவரைக்கும் யாரும் உள்ள போகக்கூடாது" என்றார் ரேஞ்சர்.

"சாயங்காலம் வந்து யாருக்கு ஊசி போடுவாரு?"

ரேஞ்சர் கத்தக் கத்த, கொழுந்தனையும் அவன் கூட்டாளிகளையும் இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். கையில் காலி எண்ணெய் டின்கள். தட்டிச் சத்தம் போட்டால் எருமை ஓடிவிடும். அந்த அவசரத்தில் வேறென்ன தோன்றும்?

டின் சத்தத்தில் புதர் அசைந்தது. எருமை எழுந்து, இவர்களுக்கு முதுகைக் காட்டி ஓடியது.

"போயிடுச்சு அண்ணி!" என்று கொழுந்தன் குதித்தான்.

அப்போதுதான் சுவர்கள் அவள் கண்ணில் பட்டன. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் கற்சுவர், போகப் போகக் குறுகி மாளிகையில் போய் முடிகிறது. டிக்கெட்டோடு தினமும் அவளே ஒப்பிக்கிற கதைதான்: இங்கிருந்து மேளம் கொட்டி விரட்டுவார்கள், தப்ப வழியில்லாத மிருகம் நேரே ராஜாவின் காலடிக்குப் போய் நிற்கும். ஊருக்கெல்லாம் சொன்னவளுக்குத் தன் வீட்டுக்காரர் விஷயத்தில் புத்தி மழுங்கிவிட்டது.

"நிறுத்துங்கடா!"

டின்கள் ஓய்ந்தன. தூரத்தில் மரப்படி கிறீச்சிட்டது.

"வந்துட்டீங்களா? இதோ எறங்குறேன்!" அவர் குரல்தான்.

கத்தினால் எருமை இன்னும் மிரண்டு அவர் பக்கமே பாயும். கத்தாவிட்டால் அவர் அதன் கொம்பிலேயே வந்து இறங்குவார். அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"ஏங்க, எறங்காதீங்க! எருமை அங்கதான் வருது! மேல ஏறுங்க! உங்க கால்ல விழறேன், இந்த ஒரு தடவையாவது என் பேச்சைக் கேளுங்க!"

குளம்புச் சத்தம். மரப்படி முறிந்து சிதறும் சத்தம். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. டின்னை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

மாடியிலிருந்து இருமலும் அழுகையுமாக ஒரு குரல் வந்தது.

"கேட்டுட்டேன்டி... கேட்டுட்டேன்."