உட்கார்ந்து போனவர்

ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்த இரண்டு பேரும் வாசல்படியில் கால் வைத்துவிட்டார்கள். ரோஜா நிலையில் இரண்டு கையையும் ஊன்றிக் குறுக்கே நின்றாள்.

“உள்ள கொண்டாராதீங்க. அப்பாவைப் படுக்க வைக்கிறதா இல்ல.”

தாய்மாமன் ராஜாராமுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் அப்பா வீரணன் மூச்சு அடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் பெட்டி, பந்தல், சொர்க்கரதம் எல்லாவற்றுக்கும் போனிலேயே சொல்லி முடித்த மனுஷர் அவர். கல்யாண வீடோ துக்க வீடோ, அவருக்கு எல்லாம் வெரசாக நடக்க வேண்டும்.

“படுக்க வைக்காம, நிக்க வச்சா கொண்டு போவாக?”

“உக்கார வச்சு. உக்காரப் பாடை கட்டி, தோள்ல தூக்கி, ஜீப்பு ஸ்டாண்டு வழியாக் கொண்டு போகணும். அங்கன செத்த நேரம் இறக்கி வைக்கணும் மாமா.”

வாழ்ந்து முடித்த பெரியவர்களை உட்கார வைத்தே வழியனுப்புகிற வழக்கம் அந்தத் தெருவில் உண்டுதான். ஆனால் உடம்பு விறைக்கும் முன்னே நாற்காலியில் இருத்திக் கட்டிவிட வேண்டும். ஐஸ் பெட்டிக்குள் போய்விட்டால், அப்புறம் ஆண்டவனே இறங்கி வந்தாலும் முழங்காலை மடக்க முடியாது. ரோஜாவின் அவசரம் அது.

“ஆத்தா, சொன்னாக் கேளு. வண்டின்னா சுத்து ரோட்டுல பத்து நிமிசம். தோள் குடுக்க இப்ப ஆளு எங்க இருக்கு? பயலுக பூராம் திருப்பூர்ல கெடக்கானுக.”

ரோஜா நிலையிலிருந்து கையை எடுக்கவில்லை. அவளை அறுத்துக்கொண்டிருந்தது வேறு சங்கதி.

வீரணன் நாற்பது வருஷம் போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டினவர். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய்ச் சாயங்காலம் இறக்கிவிட்டவர். ஓட்டுவதை விட்டார், ஸ்டாண்டை விடவில்லை. புங்க மரத்தடியில் கிடந்த சிமெண்டு பெஞ்சுதான் அவருக்கு ஆபீஸ். எந்த ஜீப்பில் எத்தனை பேர், எவளுக்குக் காய்ச்சல், எவள் மகள் சமைந்திருக்கிறாள், எல்லாம் அங்கே வந்துவிடும். ஆடி மாசம், தரைக்குக் கல் பதிக்கிறோம் என்று பெஞ்சைப் பெயர்த்தார்கள். கல் பதித்தாயிற்று. பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. பெஞ்சு மட்டும் திரும்பி வரவில்லை. குடிகாரன் படுக்கிறான் என்று ஒரு பேச்சு, வண்டி திருப்ப இடைஞ்சல் என்று இன்னொரு பேச்சு. மூட்டுத் தேய்ந்த மனுஷர் எவ்வளவு நேரம் நிற்பார்? ஒரு நாள் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ரோஜா பிடுங்கி வைத்துவிட்டாள்.

“ஊரு சிரிக்கும்ப்பா. மக கஞ்சி ஊத்தலைன்னு ரோட்டுல உக்காந்திருக்காருன்னு பேசுவாக.”

“சரி ஆத்தா” என்றார் அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் தெருமுனைக்குக்கூடப் போகவில்லை. மூன்று மாசம்.

“நாந்தான் மாமா பிடுங்குனேன்” என்று சொல்லும்போதே ரோஜாவுக்கு அழுகை வெடித்துவிட்டது. “ஒரு சேரு. அதக் குடுக்க எனக்கு மனசு வரலையே. பாவி, ஊருக்குப் பயந்தேனே!”

உள்ளேயிருந்து அம்மா செல்லத்தாயின் குரல் வந்தது. அவள் புருஷன் தலைமாட்டைவிட்டு அசையவில்லை.

“ஏப்பு ராசாராமு, அந்த மனுசன் நாப்பது வருசமா உக்காந்தே மலையேறுனவரு. படுத்துக்கிட்டு வண்டியில போக அவருக்குத் தெரியாதுப்பா.”

வாசலில் நின்ற ஜீப்பு டிரைவர் அருள்பாண்டிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தது. “தோளுக்கா பஞ்சம்? மலைக்குப் போனவுக போக ஸ்டாண்டுல பதினாலு பேரு இருக்கோம். மலைக்கு லோடு ஏத்துன தோளுண்ணே இது” என்றான்.

ராஜாராம் எல்லார் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். பெட்டிக்காரர்களிடம் திரும்பி, “என்ன வேடிக்க? திருப்பிக் கொண்டு போங்கப்பா” என்று அதட்டினார். அடுத்த நிமிஷம் மூங்கிலுக்குப் போன் போட்டார்.

குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, கைவைத்த மர நாற்காலியில் இருத்தியபோது வீரணன் யாரிடமோ ஊர்ச் சேதி கேட்கப் போகிறவர் மாதிரி இருந்தார். எழுபத்தெட்டு வயசு, நோய் நொடியில் கிடக்காத சாவு. கொட்டுக்காரர்களும் அதற்கேற்ற அடியே அடித்தார்கள்.

நாலரைக்குத் தூக்கினார்கள். தெருமுனையில் பெண்கள் நின்றுகொண்டார்கள். அதற்குமேல் போகும் வழக்கமில்லை. ரோஜா நிற்கவில்லை.

“ஏ ரோசா! முச்சந்தியத் தாண்டாதடி!”

“ஸ்டாண்டு வரைக்குந்தான்.”

“போகட்டும் விடுங்க” என்றாள் செல்லத்தாய்.

ஸ்டாண்டில், பெஞ்சு கிடந்த இடத்திலேயே பாடையை இறக்கினார்கள். பாதி வழியில் இறக்கினால் பாடையைத் திருப்பி வைப்பது முறை. படுத்த பாடைக்குச் செய்கிற பழக்கத்தில் தூக்கி வந்தவர்கள் கை தானாகவே திருப்பிவிட்டது. வீரணன் மூத்திரச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“அடப்பாவிகளா!” அருள்பாண்டி கத்தினான். “செவுத்தப் பாத்தா அவரு உக்காருவாரு? ரோட்டப் பாத்து வைங்கடா!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ரோஜாவும் கண்ணீரோடு சிரித்தாள். ராஜாராமே பாடைக் கம்பு ஒன்றைப் பிடித்து ரோட்டுப் பக்கம் திருப்பினார்.

அந்த நேரம் மலையிலிருந்து முதல் ஜீப்பு இறங்கி வந்தது. தூக்குவாளியும் இடுப்பில் சாக்குமாகப் பெண்கள் குதித்தார்கள். நாற்காலியில் இருந்தவரைப் பார்த்ததும் நடுவயசுக்காரி ஒருத்தி வாளியை வைத்துவிட்டு, அவர் காலடியில் புதுக்கல்லின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் இன்னொருத்தி. அப்புறம் எல்லாருமே உட்கார்ந்துவிட்டார்கள்.

“வா தாயி” என்று அந்த நடுவயசுக்காரி ரோஜாவுக்கு நகர்ந்து இடம் விட்டாள். “காலையிலருந்து நின்னிருப்ப.”

ரோஜா உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். பின்னால் வந்த ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ரோட்டோரம் நின்று இஞ்சினை அணைத்தன.